துருவச் சுழல் உடையும் மாதம்

(உலக ஓசோன் நாளை ஒட்டிக் கோவிலம்பாக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் கோவிலம்பாக்கம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 13 டிகிரி வடக்கே இருக்கிறது. நான் பேச வந்திருக்கும் துருவச் சுழல், குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றி மிக உயரத்தில் வீசும் பெருங்காற்று. அது சுற்றுவது 60 டிகிரியை ஒட்டியும் அதற்கு அப்பாலும். அது உடைந்தால் 30 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட ஊர்களின் ஓசோன் அளவு மாறுகிறது. அந்தப் பரப்பை நடு அட்சப் பகுதி என்று வைத்துக்கொள்வோம். டொராண்டோ, லண்டன், மெல்பர்ன் எல்லாம் அதில் அடங்கும். மேடவாக்கம், கீழ்க்கட்டளை, நன்மங்கலம் என்று இந்தப் பக்கத்தில் எங்கே போனாலும், மகனோ மகளோ அந்த ஊர்களில் குடியேறிவிட்ட பெற்றோரைப் பார்க்கலாம். அந்தப் பிள்ளைகளின் தலைக்கு மேலிருக்கும் ஓசோன் எந்த வருஷம் கூடும், எந்த வருஷம் குறையும் என்பதில் துருவச் சுழலுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தத் தலைப்பை எடுக்க அது ஒரு காரணம். இன்னொன்று, இந்த அறிவியலின் ஆரம்பத் தடயங்களில் ஒன்று கிடைத்த இடம் நம் கொடைக்கானல். அது இங்குள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தெரிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ரேடியல் ரோட்டில் வண்டிகள் கக்கும் புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் இருக்கின்றன. மத்தியான வெயிலில் அவை மற்ற வாயுக்களோடு வினைபுரிந்து தரையருகே ஓசோனை உண்டாக்கும். அது நுரையீரலுக்குக் கெடுதல். இன்று நான் பேசுவது அதைப் பற்றியல்ல. பூமியிலுள்ள ஓசோனில் ஏறக்குறைய 90 சதவீதம் மேலே ஸ்ட்ராட்டோஸ்பியரில் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் மீள் அடுக்கு என்று படித்திருப்பீர்கள். சூரியனின் கேடு செய்யும் புற ஊதாக் கதிரை வடிகட்டித் தருவது அந்த ஓசோன்தான். தலைக்கு மேலிருக்கும் ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்கும் பூஜ்ய டிகிரி வெப்பத்துக்கும் கொண்டுவந்து ஒரே படலமாகப் பரப்பினால், உலகச் சராசரியில் 3 மில்லிமீட்டர் கனம்தான் தேறும். அதை 300 டாப்சன் அலகு என்கிறோம். சென்னைக்கு மேலே பெரும்பாலும் 250 முதல் 280 வரை. டொராண்டோவில் மார்ச் மாதத்தில் அது 350-ஐத் தாண்டும். 400-ஐத் தாண்டும் நாட்களும் உண்டு.

இந்த எண்களைக் கேட்டதும் ஒரு கேள்வி எழ வேண்டும். ஓசோனை உண்டாக்குவது சூரியனின் புற ஊதாக் கதிர். அது ஆக்ஸிஜன் மூலக்கூற்றைப் பிளக்கிறது. பிளந்த அணு இன்னொரு ஆக்ஸிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. அப்படியானால் வெயில் கொளுத்தும் நம் ஊருக்கு மேலே அல்லவா ஓசோன் அதிகம் இருக்க வேண்டும்? நீண்ட இருட்டுக் குளிர்காலத்தைக் கழித்து வெளியே வரும் கனடாவில் ஏன் கூடுதலாக இருக்கிறது?

இந்தப் புதிரை உலகத்தின் முன் வைத்ததில் கொடைக்கானலுக்குப் பங்குண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் கார்டன் டாப்சன் என்ற இயற்பியலாளர் 1924 வாக்கில் ஓசோனை அளக்க ஒரு நிறமாலைக் கருவியை உருவாக்கினார். சூரிய ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து ஒளிப்படத் தட்டில் பதிவு செய்யும் கருவி அது. ஓசோன் பெருமளவு விழுங்கும் ஓர் அலைநீளத்தையும் கொஞ்சமாக விழுங்கும் இன்னோர் அலைநீளத்தையும் ஒப்பிட்டால், நடுவே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். முதலில் ஐரோப்பாவுக்குள் வைத்து அளந்தவர், 1928-ல் கருவிகளை உலகத்தின் மூலைகளுக்கு அனுப்பினார். ஒன்று கலிஃபோர்னியாவின் டேபிள் மவுன்டனுக்கு, ஒன்று எகிப்தின் ஹெல்வானுக்கு, ஒன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்கு, ஒன்று கொடைக்கானலுக்கு.

அந்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2,300 மீட்டர் உயரத்தில், 1899-ல் நிறுவப்பட்ட ஒரு சூரிய ஆய்வகம். வானம் தெளிந்திருக்கும் நேரம் பார்த்து ஒருவர் கருவியைச் சூரியனை நோக்கித் திருப்பி வைத்துத் தட்டில் ஒளியை விழவிடுகிறார். ஆனால் அன்றைய ஓசோன் அளவு அவருக்குத் தெரியாது. தட்டைக் கழுவி அளக்கும் வேலை ஆக்ஸ்ஃபோர்டில். தட்டு மலையிறங்கி, ரயிலேறி, கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர வேண்டும். அப்படிப் போன தட்டுகளிலிருந்துதான், வெப்பமண்டலத்தில் ஓசோன் குறைவு, ஆண்டு முழுவதும் பெரிய ஏற்ற இறக்கமும் இல்லை என்பது தெரிந்தது. வடக்கே போகப் போக ஓசோன் கூடியது. அங்கேயும் குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும்போது உச்சத்தில் இருந்தது.

விடையின் முதல் துண்டு ஒரு தென்னிந்தியரிடமிருந்து வந்தது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த கே. ஆர். ராமநாதன். பிற்காலத்தில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனவர். 1929-ல் நேச்சர் இதழில் அவர் எழுதிய கட்டுரை, மேல் காற்று மண்டலத்தின் மிகக் குளிர்ந்த காற்று நிலநடுக்கோட்டுப் பகுதிக்கு மேலே, சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வளையமாக இருக்கிறது என்று காட்டியது. அந்தக் குளிரை இன்றும் நேரடியாக அளக்க முடிகிறது. இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மீனம்பாக்கத்தில் வானிலைத் துறையினர் அதிகாலையும் மாலையும் பலூன் விடுகிறார்கள். ஒரு சின்னப் பெட்டியில் வெப்பமானியும் ஈரப்பதமானியும் ஒலிபரப்பியும் தொங்க, மேலே போகப் போகப் பலூன் ஊதிப் பெருத்து, 30 கிலோமீட்டரை நெருங்கும் உயரத்தில் வெடிக்கும். கத்திரி வெயிலில் தரையில் 40 டிகிரி அடிக்கும் நாளிலும், அந்தப் பெட்டி 17 கிலோமீட்டரைக் கடக்கும்போது மைனஸ் 80 டிகிரி அளவில் குளிரைச் சொல்லும்.

1949-ல் ஆலன் ப்ரூவர் என்ற அறிஞர், இங்கிலாந்துக்கு மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் காற்று நம்ப முடியாத அளவுக்கு உலர்ந்திருப்பதைப் பற்றி எழுதினார். அந்த ஈரம் எங்கே போயிற்று? வெப்பமண்டலத்தின் அந்தக் கடுங்குளிர் வழியாக மேலேறும்போது நீராவி உறைந்து பிரிந்துவிடுகிறது என்பதுதான் அவர் கண்ட விடை. டாப்சனின் ஓசோன் புதிரும் அதிலேயே அவிழ்ந்தது. காற்று நம் பகுதியில் மேலேறுகிறது, மெதுவாகத் துருவங்களை நோக்கி நகர்கிறது, அங்கே கீழிறங்குகிறது. நமக்கு மேலே உண்டாகும் ஓசோனையும் அது சுமந்து செல்கிறது. குளிர்கால இருட்டில் ஓசோன் சிதைய வழியில்லாததால், இறங்கிய இடத்தில் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இதை ப்ரூவர்-டாப்சன் சுழற்சி என்கிறார்கள். டொராண்டோப் பிள்ளைகளின் தோலைக் காக்கும் ஓசோனில் பெரும்பகுதி நாம் இருக்கும் வெப்பமண்டலத்தின் உயரே, சூரியன் உச்சியில் நிற்கும் வானத்தில் உருவானது.

இனி துருவச் சுழலுக்கு வருகிறேன்.

குளிர்காலத்தில் துருவத்துக்கு வெயில் கிடையாது. அங்கே ஸ்ட்ராட்டோஸ்பியர் கடுமையாகக் குளிர்கிறது. பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொள்ள, துருவத்தைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று சுழலத் தொடங்குகிறது. 30 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலான வேகம். சில நாட்களில் 200-ஐயும் தாண்டும். உள்ளே இருக்கும் காற்று வெளியே போகாது, வெளிக்காற்று உள்ளே வராது.

பம்பரம் விட்டவர்களுக்கு இது புரியும். சாட்டையிலிருந்து விடுபட்டு வேகமாகச் சுற்றும் பம்பரம் ஒரே இடத்தில் உறங்கும். மேலேயிருந்து இன்னொரு பம்பரத்தால் ஆக்கர் வைத்தால் தள்ளாடி இடம் மாறும். பலமாக விழுந்தால் இரண்டாகப் பிளந்தும் போகும். துருவச் சுழலுக்கு அந்த இரண்டு முடிவும் உண்டு. ஆனால் அதற்கு அடி விழுவது கீழேயிருந்து. இமயமும் திபெத் பீடபூமியும், அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரும் மேற்குக் காற்றுக்குக் குறுக்கே நிற்கின்றன. நிலத்துக்கும் கடலுக்கும் இடையே வெப்ப வேறுபாடும் இருக்கிறது. இவற்றால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அலைகள் காற்றில் எழும்பி, ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் ஏறிப் போய் உடைகின்றன. உடையும்போது சுழலின் வேகத்தைப் பறிக்கின்றன. காற்று துருவத்தின் மேல் வேகமாகக் கீழிறங்கி, அமுங்கிச் சூடேறுகிறது. ஒரு வாரம் பத்து நாளில் 40, 50 டிகிரி கூட உயர்ந்துவிடும். மேற்குக் காற்று நின்று கிழக்குக் காற்றாகத் திரும்பிவிடுவதும் உண்டு. 1952-ல் பெர்லினில் பலூன் அளவீடுகளைப் பார்த்து ரிச்சர்ட் ஷெர்ஹாக் இதை முதலில் கண்டறிந்தார். மலையலைகளையும் சுழலையும் இணைத்து 1971-ல் விளக்கம் தந்தவர் ஜப்பானின் தரோ மட்சுனோ. வட துருவத்தில் பத்து ஆண்டில் ஏறக்குறைய ஆறு முறை இந்தப் பெரிய உடைவு நடக்கிறது.

சுழல் உடைந்தால் டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் ஓசோன் கூடுமா, குறையுமா? பல இடங்களில் ஒற்றை வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. எந்த மாதம் உடைகிறது, உடைவதற்குள் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்ற இரண்டையும் கேட்காமல் பதில் சொல்லவே முடியாது. அண்மைக் காலத்து இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம்.

2024. அந்தக் குளிர்காலத்தில் அலைகளின் தாக்குதல் பலமாக இருந்தது. ஜனவரியில் ஒரு பெரிய உடைவு, மார்ச் தொடக்கத்தில் இன்னொன்று. அலைகள் சுழலை அடிக்கும்போதே ப்ரூவர்-டாப்சன் சுழற்சியையும் முடுக்கிவிடுகின்றன. வெப்பமண்டலத்திலிருந்து ஓசோன் செழித்த காற்று கூடுதலாக வடக்கே போய் இறங்கியது. 2024 மார்ச்சில் ஆர்க்டிக் பகுதியின் சராசரி 477 டாப்சன் அலகு. செயற்கைக்கோள் அளவீடுகள் தொடங்கிய 1979-க்குப் பிறகு எந்த மார்ச்சிலும் அவ்வளவு இருந்ததில்லை. இப்படிப்பட்ட ஆண்டுகளில் நடு அட்சப் பகுதிக்கும் ஓசோன் தாராளம். அதே நாட்களில் நம் பக்கத்தில் காற்று இன்னும் வேகமாக மேலேறுவதால் ஓசோன் சற்றுக் குறையும். அங்கே கூடுவதும் இங்கே குறைவதும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கம்.

2020. அலைகள் அடங்கியிருந்தன. சுழல் குலையாமல் ஏப்ரல் கடைசி வரை தாக்குப்பிடித்தது. உள்ளே வெப்பம் மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே வாரக்கணக்கில் நீடித்தது. அந்தக் குளிரில்தான் ஸ்ட்ராட்டோஸ்பியரில் மேகம் உருவாகும். குளோரோஃப்ளூரோகார்பன் வாயுக்களிலிருந்து வந்த குளோரின், சாதாரணமாக ஹைட்ரஜன் குளோரைடாகவும் குளோரின் நைட்ரேட்டாகவும் கட்டுண்டு கிடக்கும். அப்போது ஓசோனுக்கு அதனால் கெடுதல் இல்லை. மேகத் துகள்களின் மேற்பரப்பில் அந்தக் கட்டு அவிழ்கிறது. இதை 1986-ல் விளக்கியவர் சூசன் சாலமன். பிப்ரவரி, மார்ச்சில் வெயில் திரும்பியதும் குளோரின் ஓசோனைத் தின்னத் தொடங்குகிறது. 2020 மார்ச் 12 அன்று ஆர்க்டிக்கில் ஓசோன் 205 டாப்சன் அலகு வரை இறங்கியது. மார்ச்சில் வெப்பமண்டலத்தைவிட மிகுதியாக இருக்க வேண்டிய இடத்தில், நம் ஊர் அளவைவிடக் குறைவு! அப்புறம் சுழல் உடைந்தபோது வெளியே வந்தது ஓசோன் வற்றிய காற்று. அது துண்டு துண்டாகச் சிதறி நடு அட்சக் காற்றோடு கலந்து, அங்கே இருந்ததையும் நீர்க்கச் செய்தது. 1997-லும் 2011-லும் இதே விதமாகத்தான் நடந்தது.

வடக்கே இது எப்போதாவது. தெற்கே ஒவ்வோர் ஆண்டும். அண்டார்க்டிகாவைச் சுற்றிலும் கடல். இமயம் போன்ற தடுப்பு அங்கே இல்லாததால் அலைகள் பலவீனம், சுழல் பலம், குளிர் அதிகம். ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபரில் ஓசோன் துளை விழுகிறது. நவம்பர், டிசம்பரில் சுழல் உடையும்போது அந்தத் துளையின் காற்று வடக்கு நோக்கிச் சிதறுகிறது. 1987 டிசம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓசோன் திடீரென்று விழுந்தது. டிசம்பர் மாதத்துக்கு அதுவரை காணாத குறைவு. ரோஜர் அட்கின்ஸனும் மூன்று சக ஆய்வாளர்களும் அந்தக் காற்றின் பாதையைப் பின்னோக்கித் தேடிப் போய், அது உடைந்த சுழலிலிருந்து வந்ததென்று 1989-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஓசோன் துளை பெங்குவின்களின் பிரச்சினை மட்டும்தான் என்று யாராவது நினைத்திருந்தால், அந்தக் கட்டுரை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. டிசம்பர் மெல்பர்னுக்கு உச்சக் கோடை, பள்ளி விடுமுறை, கடற்கரைக்குப் போகும் காலம். ஓசோன் 1 சதவீதம் குறைந்தால், தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதாக் கதிர் 1 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே தரைக்கு வரும். வடக்கே சுழல் உடையும் ஏப்ரலில் சூரியன் அவ்வளவு உயரத்தில் இல்லை. தெற்கே சரியாக உச்சி வெயில் காலத்தில் உடைகிறது. ஆர்க்டிக் செய்தியைவிட எனக்குக் கவலை தருவது இதுதான்.

ஏப்ரலில் நடந்தது ஏப்ரலோடு போய்விடுமா என்றால், இல்லை. டொராண்டோவில் பணியாற்றிய வைட்டாலி ஃபியோலெடோவும் தியோடர் ஷெப்பர்டும் 2003-ல் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். வசந்தத்தில் நடு அட்சப் பகுதியில் ஓசோன் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தபடி கோடை முழுவதும் இலையுதிர்காலம் வரை தொடர்கிறது. கோடையில் மேல் காற்று மண்டலத்தின் ஓட்டம் மந்தமாகிவிடுவதால், குறையை நிரப்பப் புதிய ஓசோன் அவ்வளவாக வந்து சேராது. மார்ச்சில் துருவத்தில் நடந்ததன் பாக்கியை ஜூலை வெயிலில் கட்ட வேண்டியிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நடு அட்சப் பகுதியின் ஓசோன் இழப்பு முழுவதையும் துருவச் சுழலின் தலையில் கட்டிவிடக் கூடாது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், 1980-க்கு முந்தைய அளவோடு ஒப்பிட்டால், வடக்கே சுமார் 3 சதவீதமும் தெற்கே சுமார் 6 சதவீதமும் குறைந்திருந்தது. அதில் ஒரு பங்கு துருவத்திலிருந்து வந்த ஓசோன் வற்றிய காற்றின் கலப்பு. இன்னொரு பங்கு அந்தந்த இடத்திலேயே நடந்த வேதிவினை. 1991-ல் பினாட்டுபோ எரிமலை கக்கிய கந்தகத் துகள்கள் அதைச் சில ஆண்டுகளுக்குத் தூண்டிவிட்டன. மிச்சம் காற்றோட்ட மாற்றம். தெற்கில் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்ததில்தான் அண்டார்க்டிகாவின் கை தெரிகிறது.

மறுபடியும் ராமநாதனிடம் போக வேண்டியிருக்கிறது. வெப்பமண்டலத்து ஓசோன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதை அவர் 1963-ல் எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே 20, 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்று ஓராண்டு கிழக்கிலிருந்தும் அடுத்த ஆண்டு மேற்கிலிருந்தும் வீசுகிறது. ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 28 மாதம். அப்போதுதான் அதைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஓசோனின் ஏற்ற இறக்கம் அந்தக் காற்றோடு சேர்ந்து போகிறது. 1980-ல் ஹோல்ட்டன், டான் என்ற இரு ஆய்வாளர்கள், அந்தக் காற்று கிழக்கிலிருந்து வீசும் குளிர்காலங்களில் ஆர்க்டிக் சுழல் பலவீனமாக இருப்பதைக் காட்டினார்கள். நம் தலைக்கு மேல் எந்தப் பக்கக் காற்று என்பது, வட துருவச் சுழல் எளிதில் உடையுமா உடையாதா என்பதில் தலையிடுகிறது.

துருவத்தின் அதிர்ச்சி இங்கேயும் வந்து சேர்கிறது. 2009 ஜனவரியில் ஆர்க்டிக் சுழல் இரண்டாகப் பிளந்தது. அளவீடுகள் தொடங்கிய நாள் முதல் பதிவான மிகப் பலமான உடைவுகளில் ஒன்று. அப்போது திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகக் கருவிகள் ஒரு மாற்றத்தைப் பதிவு செய்தன. தென்கோடித் தமிழ்நாட்டுக்கு மேலே 100 கிலோமீட்டர் சொச்ச உயரத்தில் பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டம், மத்தியானங்களில் திசை மாறி மேற்கே ஓடியது. வெயிலை ஓசோன் விழுங்குவதால் மேல் காற்றில் பெரிய ஏற்றவற்றங்கள் எழுகின்றன. சுழல் உடையும்போது ஓசோனின் பரவலும் காற்றும் மாறுவதால் அவையும் மாறி, இந்த மின்னோட்டத்தைத் திருப்புகின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

மாணவர்களுக்காக இன்னொருவரைச் சொல்கிறேன். அன்னா மாணி, பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர். அவரும் சென்னை மாநிலக் கல்லூரியில்தான் இயற்பியல் படித்தார். வானிலைத் துறையில் அவர் தலைமையில் 1960-களில் இந்தியாவிலேயே ஓசோன் பலூன் கருவி உருவானது. உள்ளங்கை அளவு பம்ப் ஒன்று வெளிக்காற்றை உறிஞ்சிப் பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் குமிழியிட வைக்கும். ஓசோன் பட்டால் அயோடின் விடுபடும். நுண்ணிய மின்சாரம் ஓடும். அதைக்கொண்டு ஒவ்வோர் உயரத்திலும் ஓசோன் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். திருவனந்தபுரம், புனே, டெல்லியிலிருந்து இந்தப் பலூன்கள் பறந்தன. அண்டார்க்டிகாவில் நம் மைத்ரி நிலையத்திலிருந்து, துருவச் சுழலுக்குள்ளேயே பலூன் விட்டு ஓசோன் துளையை நம்மவர்கள் அளந்திருக்கிறார்கள். பலூன் விடுவது பெயர் வாங்கித் தரும் வேலை அல்ல. ஆனால் அப்படி அளந்து எழுதி வைத்த வரிசைகள் இல்லாவிட்டால், 2020-ல் நடந்தது அபூர்வமா வழக்கமா என்று சொல்ல நம்மிடம் எதுவும் இருந்திருக்காது. நிதி குறையும்போது முதலில் வெட்டுப்படும் வேலையும் இதுவாகத்தான் இருக்கிறது. அதை நாம் அனுமதிக்கக் கூடாது.

இனி என்ன நடக்கும்? 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. ஒப்பந்தத்தால் குளோரின் மெல்லக் குறைந்து வருகிறது. உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து செய்த 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகின் பெரும்பகுதியில் ஓசோன் 1980-ஆம் ஆண்டு அளவுக்கு 2040 வாக்கில் திரும்பும். ஆர்க்டிக்கில் 2045, அண்டார்க்டிகாவில் 2066. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள் அப்போது ஐம்பதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். அதற்கிடையே கார்பன் டை ஆக்ஸைடு தரையைச் சூடாக்கினாலும் ஸ்ட்ராட்டோஸ்பியரைக் குளிர வைக்கிறது. மேகம் உருவாகும் அளவுக்குக் குளிர்ந்த ஆர்க்டிக் குளிர்காலங்கள், குளோரின் தீரும் முன்பே திரும்ப வரலாம். அந்த மாதிரி ஆண்டு ஒன்றில் சுழல் ஜனவரியில் உடைந்தால் டொராண்டோவுக்கு நல்லது. ஏப்ரல் கடைசி வரை இழுத்துக்கொண்டு போனால் அந்தக் கோடைக்குக் கேடு. மெல்பர்னில் பிள்ளைகள் இருப்பவர்கள் நவம்பர், டிசம்பரில் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: அண்டார்க்டிகத் துளை உடையும் வாரங்களில் அந்த ஊர் வானிலை அறிவிப்பில் புற ஊதாக் குறியீட்டைப் பார்த்துவிட்டுக் குழந்தைகளை வெளியே விடட்டும், தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் உச்சி வெயிலில் விளையாட அனுப்ப வேண்டாம்.